ஊர் என்றால் யார்? – ‘கிராமம்’ என்னும் சொல்லை முன்வைத்து

1

2025 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பைச் செய்தார். ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை அகற்றுவதற்கான அரசாணை வந்தது. மராட்டிய அமைச்சரவை 2020 டிசம்பரிலேயே இப்படி ஒரு முடிவை எடுத்திருந்தது. மகார்வாடா, மாங்வாடா என்று சாதியைச் சுமக்கும் குடியிருப்புப் பெயர்களை அங்கே மாற்றச் சொன்னார்கள்.

நம் வட்டாரத்தில் இதற்கு இரண்டுவிதமான எதிர்வினைகள். ‘ஒரு இழிசொல் ஒழிந்தது’ என்ற மகிழ்ச்சி ஒன்று. ‘பேர மாத்திட்டா எல்லாம் மாறிடுமா, நிலத்தக் குடு மொதல்ல’ என்ற எரிச்சல் மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதிரெதிராகத் தெரிகிற இந்த இரண்டுக்கும் அடியில் ஒரே அனுமானம்தான் கிடக்கிறது: விசாரிக்கப்பட வேண்டிய சொல் ‘காலனி’ என்பது. ‘காலனி’யும் அதற்கு முந்தைய ‘சேரி’யும் இழிவை வாங்கிக்கொண்ட சொற்கள். இழிவைக் கொடுத்த சொல் பக்கத்திலேயே வெள்ளையும் சொள்ளையுமாக, நல்ல பேரோடு உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ‘ஊர்’. அதை யாரும் நீக்கச் சொல்வதில்லை. நீக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதைக் கூண்டில் ஏற்றியாக வேண்டும்.

2

உலக மொழிகளில் கிராமத்தைக் குறிக்கும் சொற்கள் எதுவும் ‘சில வீடுகள், சில வயல்கள்’ என்று அப்பாவித்தனமாகப் பொருள் தருவதில்லை. அந்தச் சொல்லுக்குள் எப்போதும் ஒரு தலைக்கணக்கு இருக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே, யார் ஆள், யார் ஆள் இல்லை என்ற கணக்கு.

முதலில் நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘கிராமம்’. ரிக்வேதத்தில் இந்தச் சொல் பல இடங்களில் ஓர் இடத்தைக் குறிப்பதில்லை. ஆட்களின் கூட்டத்தைக் குறிக்கிறது. மாடுகளும் வண்டிகளுமாக நகர்ந்துபோகும் கூட்டம் அது. இரண்டு ‘கிராமங்கள்’ ஒன்றையொன்று எதிர்ப்பட்டால் அது ‘சங்கிராமம்’, அதாவது போர். இன்று நாம் அமைதியின் உறைவிடமாகக் கற்பிக்கும் சொல் போர் என்ற சொல்லின் வயிற்றுக்குள் கிடக்கிறது! கூட்டம் ஓரிடத்தில் தங்கியபின்தான் கூட்டத்தின் பெயர் இடத்துக்கு வந்தது. ஆகவே கிராமம் என்பது ஆதியில் நிலமல்ல, ஒரு ‘நாம்’. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பியச் சொல்லின் கதை வேறு. ஆங்கிலத்தின் ‘வில்லேஜ்’ லத்தீனின் ‘வில்லா’விலிருந்து வருகிறது. வில்லா என்பது பண்ணையாரின் வீடும் பண்ணையும். அந்தப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த உழவன் ‘வில்லெய்ன்’. அவன்தான் காலப்போக்கில் நம் சினிமாவில் கதாநாயகனிடம் அடிவாங்கும் ‘வில்லன்’ ஆனான். உழைத்தவன் பெயர் கயவனின் பெயரானது. லத்தீனின் ‘பாகுஸ்’ நாட்டுப்புறம். அங்கே வசித்த ‘பாகானுஸ்’ கிறித்தவத்துக்கு வெளியே நின்ற ‘பேகன்’ ஆனான். இந்தியின் ‘காவ்(ங்)’ என்ற சொல்லிலிருந்து ‘கவார்’ என்ற வசை பிறந்தது. நம் ‘பட்டிக்காட்டான்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன்தான். இவையெல்லாம் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு, நகரத்தான் நாட்டுப்புறத்தானுக்குக் கொடுத்த பட்டங்கள். வடமொழிக் காவிய இலக்கணமும் ‘கிராம்யம்’ என்பதைக் கவிதைக் குற்றங்களில் ஒன்றாக வைத்தது.

ரஷ்ய மொழியில் கிராமத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. தேவாலயம் இருந்தால் ‘செலோ’, இல்லாவிட்டால் ‘தெரெவ்ன்யா’. கிராமச் சமூகத்துக்கு ‘மிர்’ என்ற மூன்றாவது சொல்லும் இருந்தது. மிர் என்றால் உலகம். நிலத்தைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டுத் தந்த அமைப்பு அதுதான். 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது நிலமும் பெரும்பாலும் இந்த மிர் வழியாகத்தான் குடியானவர்களுக்குப் போனது. ஒருவன் உலகத்தின் உறுப்பினனாக இருப்பதற்கு அவனிடம் குடும்பப் பங்கு இருக்க வேண்டும். பங்கில்லாதவன் உலகத்தில் இருந்தும் உலகத்தில் இல்லாதவன்.

ஐரோப்பாவில் வசை மேலிருந்து மொத்தக் கிராமத்தின்மீதும் விழுந்தது. நம்மிடம் நடந்தது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கிராமத்தை இரண்டாக வெட்டினோம். வசை முழுவதையும் ஒரு துண்டின் மீது தள்ளினோம். மறு துண்டுக்குப் புகழ்மாலை சூட்டினோம்.

3

தமிழில் ‘ஊர்’ என்பது இடப்பெயர் மட்டுமல்ல. அது ஒரு நிறுவனத்தின் பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் பிரமதேயத்தின் அவை ‘சபை’, வணிகர் அவை ‘நகரம்’, வேளாண் வகை நிலவுடைமையாளர்களின் அவை ‘ஊர்’. ‘ஊராக இசைந்தோம்’ என்கிற தொனியில் பேசுவது அங்கே குடியிருந்த எல்லாரும் அல்ல, நிலம் வைத்திருந்தவர்கள். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் என்பது ‘யார்’ என்ற கேள்விக்கான விடை.

‘சேரி’யின் கதை இதற்கு நேர் எதிர். சேரி என்றால் சேர்ந்து வாழுமிடம், குடியிருப்பு, தெரு. அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தின் ‘புறஞ்சேரியிறுத்த காதை’யில் கோவலனும் கண்ணகியும் தங்கும் மதுரைப் புறஞ்சேரி அறவோர் வாழுமிடம். குடவோலை முறைக்காக நாம் வாய் ஓயாமல் பெருமைப்படும் உத்தரமேரூர் கல்வெட்டுகள் (919, 921) அந்தப் பிராமண ஊரின் பகுதிகளைச் சேரி என்றே அழைக்கின்றன, பன்னிரண்டு சேரிகள். சேரியில் வேதம் ஓதப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கணக்கைச் சொல்லும் கல்வெட்டுகளில் விஷயம் தெளிவாகிவிடுகிறது. வரிவிதிப்பிலிருந்து கழிக்கப்படும் இடங்களின் பட்டியலில் ஊர்நத்தம் ஒரு பதிவு. பறைச்சேரி, கம்மாணச்சேரி தனித்தனிப் பதிவுகள். தீண்டாச்சேரி என்ற பதிவும் உண்டு. சுடுகாடும் அதே பட்டியலில் வருகிறது. நத்தம் என்றால் குடியிருப்பு மனை. ‘ஊர்’ குடியிருக்கும் நத்தம் வேறு, சேரி வேறு என்று கல்லில் கணக்கு எழுதியாகிவிட்டது. ஒரே வருவாய் அலகுக்குள், ஒரே எல்லைக்குள், ஒரே வாய்க்காலின் கரையில்தான் இரண்டும் இருக்கின்றன. ஆனால் ஊர் என்பது ஒன்றுக்கு மட்டும்தான்.

முன்னொட்டுகள் காலப்போக்கில் உதிர்ந்துபோயின. பார்ப்பனச்சேரி அக்கிரகாரமானது, கம்மாணச்சேரி ஆசாரித் தெருவானது, மற்றவர்களெல்லாம் ‘தெரு’வுக்குக் குடிபெயர்ந்தார்கள். சேரி என்ற சொல்லில் கடைசிவரை இருக்க வைக்கப்பட்டவர்கள் ஒருவர்தான். சொல்லுக்கு இழிவு வந்தது அதன் வேரிலிருந்து அல்ல; அதில் யார் விட்டுவைக்கப்பட்டார்கள் என்பதிலிருந்து. நிரூபணம் வேண்டுமா? சென்னை வேளச்சேரியில் மனை வாங்குகிற யாரும் சேரியில் வாங்குவதாக முகம் சுளிப்பதில்லை. புதுச்சேரி ஓர் ஒன்றியப் பிரதேசத்தின் பெயராகவே அரசிதழில் இருக்கிறது. ஒலி அதேதான். மனை விலையும் குடியிருப்பவரின் சாதியும் வேறு.

இலக்கணத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம். தமிழில் ஊர் சிரிக்கும். ஊர் பேசும், ஊர் உறங்கும், ஊர் திரண்டு வரும், ஊர் விலக்கி வைக்கும், ஊர் மன்னிக்கும். ஊர் ஓர் எழுவாய். சேரி உறங்கியது, சேரி முடிவெடுத்தது என்று இயல்பான பேச்சில் யாரும் சொல்வதில்லை. ‘சேரியில்’, ‘சேரிக்கு’, ‘சேரியிலிருந்து’ என்று அது வேற்றுமை உருபுகளைச் சுமந்துகொண்டு நிற்கும். ஊர் வினை செய்கிறது. சேரி வினை நிகழ்த்தப்படும் இடமாக இருக்கிறது. ‘ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்கிறோம். ஊர்/சேரி என்று ஏற்கெனவே ரெண்டாகக் கிடக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டேதான் இந்தப் பழமொழியைச் சொல்கிறோம். அந்தப் பிளவு எண்ணிக்கையிலேயே வரவில்லை பாருங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலான சாட்சி சேரிக்காரரின் வாய்மொழி. கூலிக்கோ கடைக்கோ கிளம்பும்போது, ‘ஊருக்குள்ள போயிட்டு வந்துடறேன்’ என்கிறார். கணக்கெடுப்பின்படி, வாக்காளர் பட்டியலின்படி, ரேஷன் அட்டையின்படி அவர் ஏற்கெனவே ஊருக்குள்தான் இருக்கிறார். ஆனால் அவருக்குத் தெரியும், அவர் இருப்பது கிராமத்தில்; ஊரில் அல்ல.

4

அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே வெட்டுதான். கன்னடத்தில் நம் சேரியின் உடன்பிறப்பு ‘கேரி’. இன்றும் அது வெறும் தெரு, வீதி என்றே பொருள்பட வழங்குகிறது. முன்னால் ஒரு சாதியைச் சேர்த்து ‘ஹொலகேரி’ என்றதும் வேலி முளைத்துவிடுகிறது. கன்னடத் தலித் கவி சித்தலிங்கையா தன் வரலாற்றுக்கு ‘ஊருகேரி’ என்று பெயர் வைத்தார். பாவண்ணனின் தமிழாக்கம் அதை ‘ஊரும் சேரியும்’ என்று ஆக்கியது. கன்னடத் தலைப்பில் இரண்டும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘உம்’ போட்டுத் தனித்தனியாக எண்ண வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் குறையல்ல இது. ‘ஊர்சேரி’ என்று ஒரு தொகைச்சொல்லை நம் வாய் பழகவே இல்லை.

தெலுங்கில் ‘ஊரு’வுக்கு வெளியே மாலர்களின் ‘பல்லெ’. உன்னவ லட்சுமிநாராயணா 1922இல் எழுதிய நாவலின் பெயரே ‘மாலபல்லி’. சென்னை மாகாண அரசு அதைத் தடைசெய்தது. ‘வெலிவாட’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. வெளியே தள்ளப்பட்டவர்களின் குடியிருப்பு என்பது பொருள். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட தலித் மாணவர்கள் ஐவர் வளாகத்துக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்தபோது அதற்கு வைத்த பெயர் வெலிவாட. அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா அந்த மாதம் 17ஆம் தேதி இறந்தார். கிராமத்தின் விளிம்பில் கிடந்த சொல் பல்கலைக்கழகத்தின் நடுவில் வந்து நின்றது. பல்கலைக்கழகமும் ஓர் ‘ஊர்’தான் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கோட்பாட்டாளரும் சொல்லவில்லை.

மராட்டியில் ‘காவ்குஸ்’ என்றால் ஊரைச் சுற்றியுள்ள மதில். ‘காவ்குஸாபாஹேர்’, மதிலுக்கு வெளியே. மராட்டியத் தலித் எழுத்தின் திறவுகோல்களில் இது ஒன்று. தயா பவாரின் ‘பலுத்த’ (1978) மகார்வாடாவின் நினைவுகளைச் சொல்லும்போது, ஊர் மகார்களுக்குப் பங்காக எறிந்த தானியத்தின் பெயரையே தலைப்பாக்கியது. ஊரின் வேலையில் பங்கு உண்டு. களத்துமேட்டில் கடைசிப் பங்கு உண்டு. ஊர் என்ற பெயரில் பங்கில்லை.

5

பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் தருகிறது. ஜப்பானிய மொழியில் கிராமம் ‘முரா’. அதற்குள் அடங்கிய சிற்றூர் ‘புராகு’. கிராமக் கட்டுப்பாட்டை மீறியவரை விலக்கிவைக்கும் ‘முராஹச்சிபு’ அங்கும் உண்டு. தீப்பிடித்தால் அணைக்கவும் செத்தால் புதைக்கவும் மட்டும் வருவோம், மற்ற எட்டு உறவும் இல்லை என்று அதை விளக்குவார்கள். ஊர்விலக்கு நம்முடைய தனிச்சொத்தல்ல.

தோல் பதனிடுதல், இறந்த விலங்குகளை அப்புறப்படுத்துதல் போன்ற தொழில்களில் இருத்தப்பட்டவர்களை ‘எத்தா’ என்றும், வேறு சிலரை ‘ஹினின்’ என்றும் அழைத்தார்கள். முன்னது அழுக்கு நிறைந்தவர், பின்னது மனிதரல்லாதவர். 1871இல் மெய்ஜி அரசு ஆணை போட்டு இந்தப் பெயர்களை ஒழித்தது. எல்லாரும் சாதாரணக் குடிகள் என்றது. உடனே மக்கள் வாயில் ‘ஷின்ஹெய்மின்’ என்ற சொல் முளைத்தது. புதுக் குடிகள்! பழைய குடிகள் யார், புதுக் குடிகள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட வசதி உண்டா? 1872இல் எழுதப்பட்ட குடும்பப் பதிவேடுகளில் சில இடங்களில் பழைய அடையாளமும் ஏறியது. அந்தப் பதிவேட்டைப் பிறர் பார்க்க முடியாமல் மூடி முத்திரையிட 1968 ஆகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகளே ‘தொகுஷு புராகு’ என்று எழுதத் தொடங்கினார்கள். ‘தனிவகைச் சிற்றூர்’ என்று அர்த்தம். கேட்க எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது! அதோடு சிற்றூர் என்ற வெகுளியான சொல் கறைபட்டது. அங்கு வாழ்கிறவர்கள் ‘புராகுமின்’, சிற்றூர்க்காரர்கள்.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடிய சுய்ஹெய்ஷா அமைப்பு செய்த காரியம் முக்கியமானது. இழிசொல்லாக எறியப்பட்ட அதே சொல்லை அவர்கள் தங்கள் பிரகடனத்தில் எடுத்து, தங்கள் மக்களை அதைக்கொண்டே விளித்தார்கள். பெயரை மாற்றிக்கொடு என்று கேட்கவில்லை. பெயருக்கு முன்னால் தலைகுனியமாட்டோம் என்றார்கள்.

1969இல் தனிச் சட்டம் வந்தது. வீடு, சாலை, பள்ளி வந்தன. அரசு ‘தோவா’ என்று இன்னொரு கண்ணியமான சொல்லைப் பயன்படுத்தியது. 1975இல் ஒரு விஷயம் அம்பலமானது. நாடெங்கும் உள்ள புராகுகளின் இடப்பெயர்கள், வீடுகளின் எண்ணிக்கை, முக்கியத் தொழில்கள் எல்லாவற்றையும் தொகுத்து ரகசியமாக ஒரு புத்தகம் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. வாங்கியவை இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், பெரிய பெயர் பெற்றவை உட்பட. வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியை அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தார்கள். பெயரை ஒழித்தார்கள், முகவரி மிஞ்சியது. முகவரியைப் படிக்கத் தெரிந்தவன் ஆதிக்கத்தில் இருக்கும்வரை எந்தப் பெயரும் பழைய பெயர்தான்.

6

சரி, ‘கிராமம்’ எப்படி நமக்கு இவ்வளவு புனிதமானது? வெள்ளைக்கார அதிகாரி சார்லஸ் மெட்காஃப் 1830இல் எழுதிய குறிப்பில் இந்தியக் கிராமங்கள் தன்னிறைவுள்ள குட்டிக் குடியரசுகள் ஆயின. வரி வசூலுக்காக நாட்டை அலகு அலகாகப் பிரித்தவர்களுக்கு அலகு ஒன்றாகவே தெரிவது இயல்பு. 1853இல் மார்க்ஸ் அதே சித்திரத்தை எடுத்துக்கொண்டு அதன் சுருங்கிய மனத்தையும் சாதியையும் அடிமைத்தனத்தையும் சுட்டினார். ஆனால் கிராமம் என்ற அலகு அவரிடமும் உடையவில்லை. காந்தி அந்த அலகை விடுதலையின் இலட்சியமாக்கினார்.

அலகை உடைத்தவர் அம்பேத்கர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமக் குடியரசுகளை நாட்டின் நாசம் என்றார். வரைவு அரசியல் சட்டம் கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி தெரிவித்தார். இந்தியக் கிராமம் ஒற்றைச் சமூகம் அல்ல, தீண்டத்தக்கவர், தீண்டப்படாதவர் என்று இரண்டு முகாம்கள் என்பது அவர் தொடர்ந்து எழுதியது. பெரியார் கிராமச் சீர்திருத்தம் பேச வந்த இடத்தில், கிராமம் நகரம் என்ற பிரிவே வருணப் பிரிவு போன்றது, கிராமமே இருக்கக்கூடாது என்றார். இருவர் குரலையும் மீறி 1948 நவம்பர் 22 அன்று கே.சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகக் கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்தின் 40ஆம் பிரிவானது. 1992இன் 73ஆம் திருத்தத்திலோ, கிராமம் என்றால் ஆளுநர் அறிவிக்கை மூலம் கிராமம் என்று குறிப்பிடுவது என்றுதான் வரையறை. கொஞ்சம் யோசித்தால் இது நல்ல வரையறை. பழமை, மரபு, மண்வாசனை ஒன்றும் இல்லை. அறிவிக்கை சொன்ன எல்லைக்குள் இருக்கிற எல்லாரும் கிராமம். சேரியும் கிராமம்.

இங்கேதான் மோதல். ‘கிராமம்’ அரசின் சொல், ‘ஊர்’ சாதியின் சொல். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ரத்தம் சிந்துகிறது. தமிழ் ஆட்சிமொழி கிராமப் பஞ்சாயத்தை ‘ஊராட்சி’ என்று மொழிபெயர்த்தது. அழகான சொல். 1996 உள்ளாட்சித் தேர்தலில் தனி ஊராட்சியான மேலவளவின் தலைவராக வந்த முருகேசன், அந்தச் சொல்லில் இருந்த ‘ஊர்’ தன்னையும் சேர்த்தது என்று நம்பினார். 1997 ஜூன் 30 அன்று அவரும் அவரோடு வந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. கிராமத்துக்குத் தலைவராக அரசு யாரையும் அறிவிக்கலாம். ஊருக்கு ஊர்தான் தலைவன் என்பது அங்கே சொல்லப்பட்ட பாடம்.

உத்தப்புரம் இன்னும் துல்லியமானது. 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்தது. அப்போது ஆதிக்கச் சாதியினர் என்ன செய்தார்கள்? ஊரைக் காலி செய்துகொண்டு மலையடிவாரத்துக்குப் போனார்கள். வீடும் வயலும் கோயிலும் அங்கேயே இருக்க, ‘ஊர்’ மட்டும் எழுந்து நடந்துபோனது. ரிக்வேதத்துக் கிராமம் நினைவுக்கு வருகிறதா? இடம் அல்ல, நகரும் கூட்டம். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சொல் தன் ஆதிப் பொருளுக்குத் திரும்பத் தயாராக இருக்கிறது. சுவர் போனால் ஊர் இல்லை என்று ஊரே ஒப்புக்கொண்ட தருணம் அது.

7

எழுதுகிறவர்களான நமக்கு இதில் என்ன வேலை? நிறைய.

சமஸ்கிருத அணியியல் குற்றமாகச் சொன்ன ‘கிராமியம்’ தமிழில் பாராட்டுச் சொல்லானது எப்போது? கிராமிய மணம், கிராமியக் கலை, மண்வாசனை. கிராமத்தைவிட்டு வேலைக்காக நகரத்துக்குப் போனவர்கள் வாசகர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனபோது. திரும்பிப் பார்க்கும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது கிராமம் அல்ல, ஊர். ஆலமரமும் அம்மன் கொடையும் கண்மாயும் எழுத்தில் வரும். கண்மாயில் யார் எந்தத் துறையில் குளிக்கலாம் என்பது வராது. நம் விமர்சகர்கள் ‘ஒரு கிராமத்தின் முழு வாழ்வும் இப்பிரதியில் பதிவாகியுள்ளது’ என்று மதிப்புரை எழுதுவார்கள். முழு வாழ்வாமே!

ஆய்வாளரும் இதற்கு விலக்கல்ல. ஆந்த்ரே பெத்தேல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ‘ஸ்ரீபுரம்’ என்ற மாற்றுப் பெயரில் ஆராய்ந்து 1965இல் புத்தகமாக்கினார். அக்கிரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியாமல் போனதை அவரே சொல்கிறார். நேர்மையான வாக்குமூலம். தங்கிய திண்ணையிலிருந்துதான் கிராமம் தெரியும். கதை எழுதுகிறவருக்கும் ஒரு திண்ணை உண்டு. அதை அவர் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) தலைப்பிலேயே ‘கிராமம்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டம் காட்டை அழித்துக் குடியேறும் கதை. கூட்டம் இடமாக மாறுகிற அந்தப் பழைய நிகழ்வைத் தமிழில் வேறெந்தப் பிரதியும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதில்லை. அதை மண்வாசனை நாவலாகப் பாராட்டியே நாம் அதன் கூர்மையை மழுங்கடித்தோம். ஓர் ஊர் எப்படி ஓர் இனக்குழுவின் ‘நாம்’ ஆக உருவாகிறது என்று வாசித்திருக்க வேண்டிய பிரதி அது.

பாமாவின் ‘கருக்கு’ (1992) ஊரின் அழகைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மலைகள், வயல்கள் எல்லாம் வரும். பிறகு எந்தச் சாதி எந்தப் பக்கம், தபாலாபீசும் பள்ளிக்கூடமும் கடைகளும் யார் தெருவில் என்று வரைபடம் விரியும். இங்கே கவனிக்க வேண்டியது: பாமா ‘ஊர்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. எங்க ஊரு என்று உரிமையோடு எடுத்துக்கொண்டு, எடுத்த கையோடு அதை உள்ளேயிருந்து பிளந்து காட்டுகிறார். சுய்ஹெய்ஷாக்காரர்கள் ஒரு திசையில் செய்ததை இவர் மறுதிசையில் செய்கிறார். அவர்கள் இழிசொல்லை எடுத்துக்கொண்டார்கள். இவர் உயர்சொல்லை எடுத்துக்கொள்கிறார். தலித் எழுத்தின் மொழி அரசியலை வட்டார வழக்கு, வசைச்சொல் என்ற அளவில் சுருக்கிப் பேசியவர்களுக்கு இந்தத் திருட்டு கண்ணில் படவில்லை.

8

மீண்டும் ‘காலனி’க்கு வருவோம். லத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் நிலத்தை உழுகிறவன். அவன் குடியேறிய இடம் கொலோனியா. உழுகிறவர்களின் குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை, உழுத நிலம் அவர்களுடையதல்ல என்பதைத் தவிர. இந்தச் சொல் நம் கிராமங்களுக்கு வந்ததற்கும் ஒரு பொருளியல் காரணம் உண்டு. சேரி மனைகள் மிராசுதாரின் பிடியில் இருந்தன. கூலி கேட்டால், கூப்பிட்ட நேரத்துக்கு வராவிட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. 1920களில் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை நிலம் கையகப்படுத்தித் தனி மனைக்கட்டுகள் கொடுக்கத் தொடங்கியது. 1971இல் குடியிருப்பு அனுபோகதாரருக்கு மனையுரிமை தரும் சட்டம் வந்தது. காலனி என்பது மிராசுதார் துரத்த முடியாத மனை. அந்த அளவில் அது ஒரு சின்ன விடுதலையின் பெயர். அதே நேரத்தில் அரசு தன் கையால், தன் செலவில் பழைய பிரிவினையைப் புதிய வரைபடத்தில் வரைந்ததன் பெயரும் அதுதான். இரண்டு வரலாறும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

ஆகவே சொல் போகட்டும். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் முகவரி சொல்லும்போது குரல் தாழ்கிறது என்றால் அந்தச் சொல் போகத்தான் வேண்டும். வெளியிலிருந்து அதற்குத் தத்துவம் பேசுவது கொழுப்பு. ஆனால் ஜப்பானின் பட்டியல் புத்தகத்தை மறக்கக்கூடாது. ‘நகர்’ என்றோ ‘புரம்’ என்றோ பலகை மாறிய மறுநாளே அந்த நகர் எது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரியாத பெயரை எந்த அரசிதழாலும் அச்சடிக்க முடியாது.

எனவே கேட்க வேண்டிய கேள்விகளை மறுபக்கம் திருப்புவோம். ஊர்ப்பொது நிலம் என்கிற கணக்கில் யார் பொது? கண்மாய் மீன் குத்தகைப் பணம் எந்த ஊரின் கோயிலுக்குப் போகிறது? சுடுகாட்டுப் பாதை யார் வயல்வரை வந்து நிற்கிறது? கிராமசபைக் கூட்டம் மே 1லும் ஆகஸ்ட் 15லும் எந்தத் தெருவில் கூடுகிறது, யார் நின்றுகொண்டு கேட்கிறார்கள்? 1892க்குப் பின் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் பட்டாவாக இருக்கிறது? இந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் 1994இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். இவை பெயர்மாற்றத்துக்கு எதிரான கேள்விகள் அல்ல. பெயர்மாற்றம் தொடங்கிவைத்துவிட்டு நிறுத்திக்கொண்ட கேள்விகள்.

எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ‘ஊரே திரண்டது’ என்று ஒரு வாக்கியம் பேனாவிலிருந்து தானாக வழுக்கி வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். திரண்டது யார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் எழுதுங்கள். வராவிட்டால், யாரெல்லாம் வரவில்லை, யாரை வரவிடவில்லை என்பதில்தான் நீங்கள் எழுத வேண்டிய கதை இருக்கிறது.